கோழிச்சாணம் போட்ட வரிசை

சுங்கை சிப்புட்,
6.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் விடுதியில் கைத்தொலைபேசிக்குத் தடை. அதனால் நடந்ததை எதையும் கூட்டாமல், மறைக்காமல் எழுதுகிறேன்.

நீ சொன்ன அளவில்தான் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தைச் சர்க்கரைவள்ளியின் ஒரு வரிசைக்கு மட்டும் தெளித்தேன். கொடி குட்டையாக நின்றது. கிழங்கு பதினான்கு கிலோ! தெளிக்காத வரிசையில் கொடி வாய்க்கால் வரை ஓடியது. கிழங்கு ஐந்தே கிலோ. பள்ளி அறிவியல் விழாவில் எனக்கு முதலிடம். அடுத்தது ஈப்போ போட்டி; என்னை அழைத்துப் போக அப்பா விடுப்பும் கேட்டுவிட்டார்.

நேற்று பக்கத்து வீட்டு வீரம்மா அத்தையிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒன்னுக்கு மருந்து குடுத்துட்டு மத்தத பட்டினி போட்டியே, பாவம்லா! அந்த வரிசைக்கு நான்தான் வாரா வாரம் கோழிச்சாணம் போட்டேன்."

எரு மிஞ்சினால் இலைதான் பெருகும், கிழங்கு சிறுக்கும். அப்படியென்றால் நான் ஜெயித்தது மருந்தாலா, சாணத்தாலா? ஆசிரியையிடம் சொல்லட்டுமா?

உன் தங்கை,
துளசி

தைப்பிங்,
10.7.2024

அன்புத் துளசி,

இங்கே ஓயாத மழை; காலுறைகூடக் காயவில்லை. நீ ஜெயித்ததை விடுதி முழுக்கச் சொல்லிவிட்டேன். கொடி குட்டையானது உண்மைதானே? பேசாமல் இரு. உன்னை ஈப்போவுக்கு அழைத்துப் போக அப்பா லோரி வேலைக்கு விடுப்பும் கேட்டுவிட்டார். அத்தை யாரிடமும் சொல்லமாட்டார்.

ரூபன்

சுங்கை சிப்புட்,
18.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சொன்னபடி நான் செய்யவில்லை, கோபிக்காதே. திங்கட்கிழமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

"நாளைக்குப் பேர் அனுப்பணும், இப்பவா சொல்ற?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். என் இடத்தில், இரண்டாமிடம் வந்த என் வகுப்பு உடையப்பனின் கொசுப்பொறி போகிறது. "உங்க அத்தை கோழிக்கு ரொம்ப நன்றிலா!" என்று அவன் வகுப்பே கேட்கக் கத்தினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா, "சரி, அப்ப லோரி ஓட்டப் போறேன்," என்றார். அவ்வளவுதான்.

அத்தைதான், தன்னால் என் வாய்ப்பு போனதென்று, இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று அவரே கொடித்துண்டுகள் வெட்டி வந்து, "இந்தத் தடவ ரெண்டையும் பட்டினி போடுவோம், போதுமா?" என்றார். இரண்டு வரிசைகளையும் சேர்ந்தே நட்டோம். நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பேன்.

விடுதியில் எல்லாரிடமும் இதையும் சொல்லிவிடு, அண்ணா.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; சாணம் போட்டதையும் சேர்த்து ஆய்வு அறிக்கையைத் திருத்தி எழுதி முடித்துவிட்டேன். ஆசிரியை விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்.

துளசி