ஒன்பது மணிக் குளிசை

காலையில் பொரித்த கட்லட்டின் மணம் மாலையாகியும் வீட்டை விட்டுப் போகவில்லை. எனக்கு எவ்வளவு உதவி வேண்டுமென்று பார்த்துப் பராமரிப்புத் தரத்தை மதிப்பிடக் காப்புறுதியிலிருந்து வந்த பெண் ஒன்றைக்கூடத் தொடவில்லை. உன்னை மதிப்பிட வந்த அன்றைக்கு உன் வீட்டில் இப்படி யாரும் பொரித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன், பழைய எரிச்சல் வந்துவிட்டது. நீ போய் ஏழு மாதமாகிறது. செத்தவனிடம் பொறாமைப்படுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜேர்மனியின் ஹனோவரில் நரம்பு வைத்தியரின் காத்திருப்பு அறையில்தான் நாம் பழகினோம். இருவருக்கும் பார்க்கின்சன், ஒரே வயது. முதல் நாள் கை கொடுத்தபோது நீ சிரித்தாய்: "மச்சான், இதில ஆரின்ர கை நடுங்குது?" அப்போது இருவருக்கும் தரம் இரண்டு; தரம் ஏறினால் கிடைக்கும் உதவியும் ஏறும். தரம் சமமாக இருந்தவரை எனக்கு உன்னை நன்றாகப் பிடித்திருந்தது.

பிறகு நோய் இருவரிலும் ஏறியது. மூன்றுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று நான் ஒரு வருடம் யோசித்தேன். கேட்கப்போய், மறுபடி பரிசோதித்து, இருப்பதையும் குறைத்துவிட்டால்? நீ யோசிக்கவில்லை. அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தைப் போட்டாய், மூன்றை வாங்கினாய். காலையில் உன்னைக் குளிப்பாட்ட ஆள் வந்தது. உன் மனைவி பழையபடி தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் போனார்.

"அவவின்ர முகத்தில இப்பதான் ஒரு வெளிச்சம்," என்று என் மனைவி வந்து சொன்னாள். 

அதைக் கேட்ட ரோஷத்தில் நானும் விண்ணப்பம் போட்டேன். மதிப்பிட வருவதற்குப் பத்து மணிக்கு டெர்மின் கொடுத்தார்கள். சவரம் செய்து, ஸ்திரிக்கை போட்ட சட்டையோடு, ஒன்பது மணிக்கே குளிசையை விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். அது வேலை செய்யத் தொடங்கினால் ஒரு மணித்தியாலமாவது நான் பழைய ஆள். வந்தவரைக் கதவுவரை நடந்துபோய் வரவேற்றேன். தேநீரை என் கையாலேயே கொடுத்தேன். என்ன கேட்டாலும் செய்வேன், செய்வேன் என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார். மூன்று இல்லை என்று கடிதம் வந்தது.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "பொம்பிளை பாக்கப் போனவன் மாதிரி எல்லே இருந்திருக்கிறாய்! நான் குளிசைக்கு முன்னம் வரச் சொன்னனான். என்ர காலமையை அவை பாக்கவேணும்."

நீ நடித்து வாங்கினாய் என்று அதற்குப் பிறகு நாலு பேரிடம் சொன்னேன். இதை நீ இருக்கும்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஒருநாள் காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் உன் வீட்டுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? அந்த நடிப்பைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தேன். நீ கட்டில் விளிம்பில், இடுப்பில் நனைந்த சாரத்தோடு, ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் இருந்தாய். நான் திரும்பிப் போகப் பார்த்தேன். உன் குரல் மட்டும் மெல்ல வந்தது: "இரு மச்சான். இதுதான் காலமை." அன்றோடு மூன்றாம் தரத்தின் மேலிருந்த பொறாமை போய்விட்டது. அந்தக் கோலத்திலும் உன்னால் என்னை இரு என்று சொல்ல முடிந்ததே, பொறாமை இப்போது அதன் மேல் வந்தது.

நோய் அதற்குப் பிறகும் ஏறியது. இந்த முறை எட்டு மணிக்கு டெர்மின் கேட்டேன். குளிசை போடவில்லை, கட்டிலை விட்டு எழும்பவும் இல்லை. கட்லட்டை மட்டும் மனைவி விடவில்லை. சட்டைப் பொத்தானை யார் பூட்டுவது என்று அந்தப் பெண் கேட்டார். மனைவி என்றேன். எப்போதிருந்து? போன மாரியிலிருந்து என்றேன்.

"இல்லையப்பா, நாலு வருஷம்," என்றாள் மனைவி என்னிடம். பிறகு அதையே அந்தப் பெண்ணிடம் ஜேர்மனில் சொன்னாள்.

போன மாரிக்கு முன்னமே, மேல் பொத்தான்கள் இரண்டைத் தவிர மற்றதையெல்லாம் பூட்டித்தான் கட்டிலில் வைப்பாளாம். அதைத் தலைவழியே மாட்டிக்கொண்டு, நானே உடுத்தினேன் என்று அத்தனை காலமும் திரிந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியக்கூடாது என்று அவள் பட்ட பாட்டை நினைத்து வெட்கத்தில் அழுதேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

என்ன தரம் வருமோ தெரியாது. உன் மேலுள்ள பொறாமை இன்னும் தீரவில்லை. நீ நேரத்தோடு கேட்டாய், உன் மனைவிக்கு அவருடைய காலைகள் திரும்பக் கிடைத்தன. காலையில் என்னைக் குளிப்பாட்ட ஆள் வந்தால் அந்த நேரத்தில் என்ன செய்வாய் என்று சற்றுமுன் என் மனைவியிடம் கேட்டேன். அவள் யோசித்துக்கொண்டே நாளைக்கான என் சட்டையை எடுத்து, பழக்கத்தில் கீழ்ப் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினாள்.