அண்ணி எழுதிய கார்டு

பிப்ரவரி 4, 2010

அன்புள்ள அண்ணனுக்கு,

ரிப்பேருக்கு நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. "ரிட்டயர் ஆன உங்க சர்வேயர் அண்ணனுக்கு இன்னும் என்ன கணக்கு பாக்கி?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. இது வெறும் கால்குலேட்டர் இல்லடி, நாமே ப்ரோகிராம் எழுதி, விரல் நீளக் காந்தக் கார்டில் பதிந்து வைக்கலாம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

கார்டை இழுக்கும் ரப்பர் உருளை தார் மாதிரி இளகிவிட்டது. மாற்றிவிடலாம். டைப்ரைட்டர் கடை மாடியில் நம் கால்குலேட்டர் சங்கம் கூடிய ஞாயிறுகள் ஞாபகம் வந்தன. கீழே ரிப்பேர் பார்க்கும் ஏழாம் வகுப்பு நான், மாடி ஏறினால் ப்ரோகிராமர். நான் இருநூறு கட்டளைப் படியில் முக்கி எழுதும் ப்ரோகிராமை அண்ணி எழுபதில் முடித்துவிட்டு, "குண்டூசி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ" என்பார்கள். அவர்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறதே அண்ணே.

கூடவே ஒரு கார்டு இருக்கிறதே, அது எதற்கு?

இப்போது கடப்பாரை கனத்தில் இருக்கும்,
உங்கள் குண்டூசி

பிப்ரவரி 11

தம்பிக்கு,

அது அவள் கடைசியாக எழுதிய ப்ரோகிராம். "ஓட்டித்தான் பாருங்களேன்" என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவளும் போனாள், உருளையும் போனது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. நீ மிஷினை மட்டும் சரிசெய். கார்டை நான்தான் ஓட்ட வேண்டும்.

அண்ணன்

பிப்ரவரி 19

அண்ணனுக்கு,

மிஷின் ஓடுகிறது, கார்டோடு திருப்பி அனுப்புகிறேன். சரிபார்க்க ஒருமுறை கார்டை ஓட்டவேண்டி வந்தது, மன்னியுங்கள். தேதியைக் கொடுத்தால் உங்கள் கல்யாணம் ஆகி எத்தனை நாள் என்று சொல்கிறது.

குண்டூசி

மார்ச் 8

தம்பிக்கு,

ஏழு நாள், காலையில் எழுந்ததும் தேதியை அழுத்தினேன். பத்தாயிரத்து ஐந்நூறுக்குப் பக்கம். "போனப்புறமும் எண்ணிக்கிட்டுதான் இருக்கியா?" என்று கேட்டேன். நிறையப் பேசினேன்.

எட்டாம் நாள், எப்படிச் சுருக்கியிருக்கிறாள் பார்ப்போம் என்று படிகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன். நூற்றுத் தொண்ணூறு. அதிலும் தேவையே இல்லாமல், எல்லாவற்றையும் முதலில் அழித்துவிட்டுத் தொடங்குகிறது. நம் சங்கத்தில் அப்படித் தொடங்குகிற ஆள் ஒருவன்தான்.

உண்மையைச் சொல்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணே,

கார்டைப் பற்றிய உங்கள் முதல் கடிதம் வருமுன்பே நடந்துவிட்டது. உருளையை மாற்றிய சந்தோஷத்தில் கையில் கிடைத்த கார்டை உள்ளே விட்டேன். ஸ்விட்ச் பதிகிற பக்கம் இருந்ததைக் கவனிக்கவில்லை. மிஷினில் இருந்த வெறுமை போய் அதன்மேல் பதிந்து, அண்ணி எழுதியது அழிந்துவிட்டது. அழியக்கூடாத கார்டுக்கு மூலையை வெட்டி வைப்போமே, அண்ணி வெட்டவில்லை. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை.

பிறகுதான் அது என்ன கார்டு என்று உங்கள் கடிதம் வந்தது. சொல்ல நாக்கு எழவில்லை. நானே ஒரு ப்ரோகிராம் எழுதி அதில் பதிந்தேன். அண்ணி மாதிரி சுருக்க மூன்று நாள் முட்டிப் பார்த்தேன், என் மண்டைக்கு வரவில்லை. உள்ளே என்ன இருந்ததென்று எனக்கும் தெரியாது அண்ணே.

திட்டுங்கள். நேரில் வந்து நாலு அறை வைத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

குண்டூசி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஸ்விட்ச் விஷயம் கைப்பிசகு. படித்த அன்றே மன்னித்துவிட்டேன்.

ஆனால் அவளிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்த ஏழு நாளில் சொல்லித் தீர்த்தேன். அவள் எழுதியதென்று நம்பிச் சொன்னது உன்னிடம். அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நானாக எழுதும்வரை நீ எழுத வேண்டாம்.

அண்ணன்