இடுப்புக்குப் போன கை

அன்பு மகனுக்கு, ஸலாம்.

பயிற்சி முடித்து வந்த அன்று நீ கேட்டாய்: "வாப்பா, எதிர்ல நிக்கிறவன்ட கை இடுப்புக்குப் போனா, அடிக்கிறதா, பாத்துக்கிட்டு நிக்கிறதா?" அது உங்கள் பொலிஸ் புத்தகத்தில் இருக்கும் என்று சிரித்துவிட்டேன்.

நேற்று கல்முனை ஆசுபத்திரிக்குப் போனேன். சந்தையில் உன் பொல்லடி பட்ட மருதமுனை நெசவாளி சீனிமுகம்மது அங்கேதான் இருக்கிறார். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. இனித் தறியில் உட்காருவாரோ தெரியாது. அவர் கத்தி எடுக்கப் போனதாக நீ வாக்குமூலம் கொடுக்கப் போகிறாயாம்.

என்னைக் கண்டதும் கட்டிலை விட்டு எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த சாரனை இறக்கிவிட இடது கையால் தடுமாறினார்.

"இரிங்க தம்பி, எனக்கெதுக்கு மரியாத?"

"மாஸ்டருக்கு இல்லாத மரியாதையா? அண்டைக்கி உங்கட மகனுக்கும் இதத்தான் செய்யப் போனன். அதுக்குள்ள அடிச்சிட்டார்" என்று சிரித்தார்.

கொண்டுபோன தோடம்பழங்களை வைத்துவிட்டுத் தலை நிமிராமல் வந்தேன். உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வாக்குமூலம் எழுதுமுன் ஒன்று செய்து பார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நில். உன் இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நிற்பதாக நினை. உன் கை எங்கே போகிறது என்று பார்.

உன் வாப்பா