அப்பா புரட்டிய மீன்

அப் லேய் சாவ்
17 செப்டம்பர் 1996

அன்பு மகன் கின் சானுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், வான்கூவரில் நீயும் மருமகளும் குழந்தையும் நன்றாக இருக்கக் கடல்தாய் தின் ஹாவ் துணையிருப்பாள். அப்பாவும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை. ஒரு வருடமாக அப்படி எழுதியது பொய். உங்கள் இருவருக்கும் இருக்கிற பிணக்கில் இதையும் சேர்க்க வேண்டாமென்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எழுபது முடிந்தது. சித்தப்பா எல்லோரையும் துறைமுகத்து உணவகத்துக்கு அழைத்துப் போனார், எட்டு வயதில் நீ அப்பாவிடம் அறை வாங்கினாயே, அதே இடம்தான். தள்ளுவண்டியில் பலகாரம் கொண்டுவரும் ஆ கேய் முட்டிவலியோடு இன்னும் அங்கேதான் இருக்கிறாள், "அண்ணனுக்கு இறால் கொழுக்கட்டை ஒண்ணு கொறைஞ்சாலும் என்னைத் திட்டுவாரு" என்றாள், அப்பா சிரித்தார், தேநீர் ஊற்றியவளுக்கு மேசையில் விரல் தட்டி நன்றி சொன்னார், எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பிறகு ஆவியில் வேகவைத்த களவா மீன் வந்தது. மேல்பக்கம் தீர்ந்ததும் அவரே சாப்பிடும் குச்சியை அடியில் கொடுத்து மீனைப் புரட்டிப் போட்டார். நாற்பது வருடம் படகு ஓட்டிய மனிதர், மீனைப் புரட்டினால் படகும் கவிழும் என்று யாரையும் புரட்ட விடாதவர். எல்லோரும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள், மறுநாள் கடலுக்குப் போக வேண்டிய சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. இதே காரியத்துக்கு, "படகைக் கவுக்கப் பாக்குறியாடா" என்று உன்னை அத்தனை பேர் முன்னால் அறைந்தவர், "என்னடா, எல்லார் வாயிலயும் கொழுக்கட்டையா, சாப்பிடுங்க" என்று சித்தப்பா கிண்ணத்தில் ஒரு துண்டு வைத்தார். ஆ கேய் ஓடிவந்து, "ஆறிப்போச்சுண்ணே, குடுங்க" என்று தட்டை எடுத்துப் போனாள். சித்தப்பா அந்தத் துண்டைச் சாப்பிட்டார். திங்கட்கிழமை அவர் படகை எடுக்கவில்லை.

இந்த மறதி போகப்போகக் கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அந்த அறைக்கு அப்பா ஒரே ஒரு தடவை வருத்தப்படட்டும், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய், ஆறு வருடம் ஆகிறது. நேற்று நானே அவரிடம் கேட்டேன். "எம் புள்ளைய நான் ஏன் அடிக்கப் போறேன், எவன் சொன்னான்" என்று என்மேல் கோபப்பட்டார். இனி அந்த வருத்தம் அவரிடமிருந்து வராது கண்ணு. அன்றைக்கு நானும் தடுக்காமல் தேநீர் குடித்துக்கொண்டுதான் இருந்தேன், அதற்கு நான் வருத்தப்படுகிறேன், இதையே அவருடையதாகவும் எடுத்துக்கொள்.

அங்கே குளிர் தொடங்குகிறது, குழந்தைக்குக் காதை மூடிவிடச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும். புத்தாண்டு வரை தள்ளாமல் வந்துவிடு. வந்ததும் அவர் நீ யாரென்று கேட்டால் மனம் விட்டுவிடாதே, பெயரைச் சொல்லிப் பக்கத்தில் உட்கார். தினமும் காலையில் நானும் அப்படித்தான் செய்கிறேன்.

உன் அம்மா,
யூக் ஹிங்