மாடியில் சோலார் பிளேட், கூடத்தில் ஓடாத தறி

ராஜபாளையம்,
18.1.1994

அன்பு மகன் கபீருக்கு உன் அம்மா நூர்பானு எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உனக்கு உடம்பில் தெம்பையும், அந்த ஊரில் நல்ல மனிதர்களின் துணையையும் தரட்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே. படித்துவிட்டு அன்றைக்கு எந்த வேலைக்கும் போகாதே. நீ கரண்டில் கை வைக்கிறவன், மனது எங்கேயோ இருக்கக் கூடாது.

முதலில் ஒன்றை எழுதிவிடுகிறேன், அசீனா உயிரோடு இருக்கிறாள். நவம்பர் மழையில் அவள் மேல் தீப்பிடித்துவிட்டது. மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் இருந்தோம், இப்போது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நீ கேட்டுக் கேட்டு எழுதியும் உன் தங்கச்சி ஏன் ஒரு வரி எழுதவில்லை என்றால் அவளுக்கு வலது கை விரல்கள் மடங்கவில்லை. அதனால்தான். உன்னிடம் சொல்லவே கூடாது என்று அவள்தான் சத்தியம் வாங்கினாள். “அண்ணனுக்கு எழுதாதம்மா, அவன் வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவான், பொறவு அந்தக் கம்பெனிக்காரன் திரும்ப எடுக்க மாட்டான்” என்று கட்டுப் போட்ட கையோடு அழுதாள். அன்றைக்கு அவளுக்குச் சரி என்றுதான் சொன்னேன். இப்போது அந்த வாக்கைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை கபீரு. உன்னைப் பெற்ற அத்தாவை நினைத்துத்தான் எழுதுகிறேன். அவரை எனக்குக் காப்பாற்றத் தெரியவில்லை.

நடந்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதினால்தான் உனக்கு விளங்கும். மடவார் வளாகத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஜூன் மாதம் பாத்திஹா ஓதி இந்தக் காலனி வீட்டுக்கு வந்தோம் என்று எழுதியிருந்தேன். கூடத்தைப் பெரிதாகக் கட்டி, சத்திரப்பட்டியில் அத்தா கூலிக்கு ஓட்டுகிற மாதிரியே ஒரு பழைய பவர்லூம் தறியை வாங்கி நிறுத்தி, கரண்டு வந்ததும் சொந்தமாகப் பேண்டேஜ் துணி ஓட்டலாம் என்று இருந்தோம். அப்போதுதான் வீட்டுக் கடன் கொடுத்த சொசைட்டியிலிருந்து அந்த உத்தரவு வந்தது. இந்தத் திட்டத்தில் புதிதாகக் கட்டுகிற வீடு ஒவ்வொன்றின் மாடியிலும் சோலார் பிளேட் மாட்டியே ஆக வேண்டும், மாட்டினால்தான் வீடு முடிந்தது என்று கையெழுத்துப் போடுவோம் என்றார்கள். வெயிலில் பேட்டரி ஏறும், ராத்திரி ரெண்டு டியூப்லைட் எரியும், ரேடியோ பாடும். அவ்வளவுதான். தறி ஓடாது. அது உனக்கே தெரியும், நீதான் எழுதினாய், மோட்டார் இதில் அசையக்கூட அசையாது, கரண்டு லைன் தருவோம் என்று எழுதித் தராமல் பிளேட்டை மாட்ட விடாதீர்கள் என்று. அத்தா உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். “பிளேட்டை மாட்டிட்டா இந்த வீட்டுக்கு வெளிச்சம் இருக்குன்னு எழுதிக்கிடுவான், பொறவு லைன் கேட்டா அதான் லைட்டு எரியுதே உனக்கு என்ன அவசரம்பான், எம்புட்டு வருசம் ஆனாலும் போஸ்ட் நட மாட்டான்” என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். முக்கால்வாசிப் பேர் அவர் பக்கம் நின்றார்கள்.

எதிர்ப்பக்கம் நின்றது கடைசி வீட்டு சுயம்புலிங்கம் அண்ணாச்சி. மிலிட்டரியில் இருந்து பென்ஷனில் வந்தவர், பனிமலையில் கரண்டே இல்லாத இடத்தில் இந்தப் பிளேட்டை வைத்து விளக்கு எரித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். “பாய், கெடைக்கிறதை வாங்கி மாட்டுவோம், லைனுக்கு நம்ம எல்லாருமா சேர்ந்து போராடுவோம், அதுக்காகப் பொம்பளைப் பிள்ளைகளை ஏன் இருட்டுல போட்டு வச்சிருக்கணும்” என்று கேட்டார். அத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “உமக்குப் பென்சன் வருது, எனக்குத் தறி ஓடுனாத்தான் ஒலை கொதிக்கும்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அத்தா சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை, அண்ணாச்சி சொன்னதும் தப்பு என்று நினைக்கவில்லை, நான் என்ன செய்வேன் சொல்லு. அரிக்கேன் விளக்கு ஒன்றும் சிமினி விளக்கு ஒன்றும் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினோம்.

அன்றைக்குச் சாயந்திரம் மஃரிபுக்கு பாங்கு சொல்லுகிற நேரம், மழை இருட்டு, காற்று. நான் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யப் பின்பக்கம் போயிருந்தேன். அசீனா அடுக்களையில் சிமினி விளக்கை மேல் தட்டில் வைத்துவிட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் அடித்ததில் விளக்கு சாய்ந்து, மண்ணெண்ணெய் அவள் தோளில் கொட்டி, நைலக்ஸ் தாவணி குப்பென்று பிடித்துக்கொண்டது. அவள் கத்தின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது கபீரு. அத்தாதான் தறி மேல் போட்டிருந்த கோணிச் சாக்கை உருவிக்கொண்டு ஓடி, அவளைச் சுற்றிப் பிடித்து அணைத்தார். அவர் உள்ளங்கையும் வெந்துவிட்டது. காலனிக்குள் வண்டி ஏது, மழையில் மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் ஒரு வேனை மறித்துக் கூட்டி வந்தது யார் தெரியுமா, அந்த அண்ணாச்சிதான். மதுரை வரைக்கும் அசீனாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழி நெடுக அத்தாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அத்தாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மா அவள் கையிலும் கழுத்திலும் துணியைச் சுற்றும்போது அத்தா பக்கத்தில் நின்றார். எந்தத் துணி என்று பார்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. சத்திரப்பட்டியில் அவர் ஓட்டுகிற பேண்டேஜ் துணிதான். வராண்டாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் சாயந்திரம் வரை எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவர் நம் பழைய அத்தா இல்லை.

நாங்கள் திரும்பி வந்ததும் காலனியில் மறுபடி ஒரு கூட்டம் போட்டார்கள். மாவட்ட ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்திருந்தார், சின்ன வயதுதான், மரியாதையாகப் பேசினார். அத்தா பக்கம் நின்ற ஆட்கள் வந்து “நைனா பாய், லைன் குடுக்காததாலதான உம்ம பிள்ளைக்கு இப்படி ஆச்சு, எந்திரிச்சு அதைச் சொல்லும்” என்று அவரைப் பிடித்துத் தூக்கினார்கள். பிளேட் வேண்டும் என்கிற வீட்டுப் பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள், பிளேட் மாட்டியிருந்தால் சிமினி விளக்கே இருந்திருக்காதே என்று அவர்கள் வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அத்தா எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே குறுகிப் போய்விட்டார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நான் எழுந்துவிட்டேன். நான் கூட்டத்தில் பேசுகிறவளா, உனக்கே தெரியும், கடைத்தெருவில்கூட சத்தமாகப் பேச மாட்டேன். “ஐயா, எம்மகளை வச்சு ரெண்டு பக்கமும் பேசாதீக. அவ வெந்து கெடந்தது இவுக செயிக்கதுக்கும் இல்ல, அவுக செயிக்கதுக்கும் இல்ல. எங்களுக்கு அடுக்களையில வெளிச்சமும் வேணும், தறிக்குக் கரண்டும் வேணும். பிளேட்டை மாட்டுனாத்தான் வீடுன்னு சட்டம் போடத் தெரியுதுல்ல, மாட்டுன வீட்டுக்கு இத்தனை மாசத்துல லைன் தருவோம்னு ஒரு வரி சேர்த்து எழுத ஏன் தெரியல?” என்று கேட்டேன். அதிகாரி கையிலிருந்த பைலை மூடினார். பிறகு “நீங்க கேக்கறது நியாயம்மா, ஆனா அதை எழுத எனக்கு அதிகாரம் இல்ல, லைன் குடுக்கறது வேற ஆபீஸ்” என்றார். மேலிடத்துக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இந்த நாள் வரை பதில் இல்லை.

மறுநாள் காலையில் அத்தா யாரிடமும் சொல்லாமல் சொசைட்டிக்குப் போய்ப் பிளேட் மாட்டச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டார்கள். மாடியில் பிளேட் வந்துவிட்டது கபீரு. அடுக்களையில் ஒரு லைட்டு, கூடத்தில் ஒரு லைட்டு, பால் மாதிரி எரிகிறது. மேகம் மூடின நாளில் சீக்கிரம் மங்கிவிடும், மற்ற நாளில் குறை இல்லை. நான் பொய் சொல்லக் கூடாது, முதல் நாள் அந்த வெளிச்சத்தில் அசீனா முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்து வீட்டு பாலம்மாள் தன் பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார்த்திப் படிக்க வைக்கிறாள், அவளுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் அத்தா அந்த லைட்டுக்குக் கீழே உட்கார மாட்டேன் என்கிறார். ராத்திரிச் சோற்றையும் வெளியே கல்லில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார், சாப்பிட்டால் உண்டு. லைன் கேட்டு எழுதிக் கொடுத்ததற்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம், அவர் பயந்த மாதிரியே ஆகிவிட்டது, அதைக்கூட அவர் சொல்லிக் காட்டவில்லை. “நான் சொன்னேன்ல” என்று ஒரு தடவை கோபப்பட்டால்கூட எனக்குத் தெம்பு வரும். திரும்பவும் சத்திரப்பட்டிக்கே கூலித்தறிக்குப் போகிறார். வெந்த கையில் நூல் முடிச்சுப் போட முடியாமல் சிரமப்படுகிறார் என்று கூட ஓட்டுகிறவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது தறியை விற்கப் போகிறாராம். தளவாய்புரத்து ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், நோன்பு பிறக்கிறதுக்குள் தூக்கிக்கொள்கிறேன் என்றாராம். நான் கெஞ்சினேன், அண்ணாச்சி நம் வீட்டுக்கு வந்து “பாய், அவசரப்படாதீரு, லைனுக்கு நாம ரெண்டு பேருமா அலைவோம்” என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், எதற்கும் பதில் இல்லை. அசீனாவும் கேட்டாள். அவளிடம் மட்டும் வாயைத் திறந்தார், “இந்தத் தறிக்காகத்தானம்மா உன்னைய இருட்டுல வச்சேன்” என்றார். அதைக் கேட்டதிலிருந்து அவள் அவர் முன்னால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடமாடுகிறாள். அவளைப் பெண் கேட்டிருந்த இடத்தில் இருந்து இப்போது பேச்சு மூச்சு இல்லை, அதைப் பற்றி நான் இன்னொரு நாள் அழுதுகொள்கிறேன். டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்தால் விரல் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கும் என்கிறார்கள், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறாள். நேற்று ஒரு டம்ளரைப் பிடித்துவிட்டாள்.

நீ எழுதினதால்தான் இப்படி ஆனது என்று நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நீ தெரிந்ததைச் சொன்னாய். வேலையை விட்டுவிட்டு வராதே, வந்தால் அசீனா என்னை மன்னிக்க மாட்டாள். எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். கடிதம் எழுதினால் நாளாகும், அதற்குள் தறி போய்விடும், அதனால் போனில் பேசு. புது பஸ் ஸ்டாண்டு எதிரில் எஸ்.டி.டி. பூத்து இருக்கிறது, நம்பரை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பேசும்போது உங்கள் மேல் தப்பில்லை அத்தா என்று சொல்லிவிடாதே, அப்படிச் சொன்னால் அவருக்குத் தப்பு என்கிற வார்த்தை மட்டும்தான் காதில் விழும். அழாதே. தறியின் பட்டை இறுக்கமாக இருக்கிறதா, எண்ணெய் விட்டீர்களா, எலி நூலைக் கடிக்காமல் மூடி வைத்திருக்கிறீர்களா என்று கேள். நான் வரும்போது அது ஓட வேண்டும் என்று சொல். நீ கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார்.

அல்லாஹ் உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காப்பாற்றுவானாக, உன் கைத்தொழிலில் பரக்கத் செய்வானாக. நேரத்துக்குச் சாப்பிடு, ரப்பர் செருப்பு இல்லாமல் கரண்டு வேலையில் இறங்காதே. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு பேசு, மறந்துவிடாதே. எந்த வெள்ளிக்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, அதனால் வருகிற வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தப் பூத்து வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
நை. நூர்பானு