டெய்சிக்குப் போட்ட இரண்டாவது ஊசி

என் பாசத்துக்குரிய சின்னையா அண்ணே,

நேற்று டயகமப் பக்கத்துப் பங்களாவிலிருந்து ஒருவர் எங்கள் மிருக வைத்தியசாலைக்குப் பெட்டை நாயொன்றைக் கொண்டுவந்தார். "லயத்து வீட்டு நாயோட சேர்ந்திருச்சுங்க. தொரைக்குத் தெரியாம ஒரு ஊசியைப் போட்டு விட்ருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருஷம், பங்களா வேலையில் இருந்த நீங்களும் இப்படித்தான் வந்தீர்கள். கேட்டைச் சாத்த மறந்ததில் லயத்து நாயோடு சேர்ந்துவிட்ட, துரையின் நாய் டெய்சியை இழுத்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை, மிருக வைத்தியர் இல்லை. மருந்து எடுத்துக் கொடுக்கும் உதவியாள்தான் நான். ஆனாலும் உங்களுக்காகக் கருக்கலைக்கும் ஊசியை நானே போட்டேன்.

அதோடு முடிந்திருக்கும். நாய் சேர்ந்த கதையைக் கணக்கப்பிள்ளை துரையிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத் துரையே அதே ஊசியைப் போடச் சொல்லிக் கடிதம் எழுதி, டெய்சியோடு உங்களை வைத்தியரிடம் அனுப்பினார்.

முன்னமே ஊசி ஏதும் போட்டதா என்று வைத்தியர் சிங்களத்தில் கேட்டார். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நே மாத்தயா", இல்லை ஐயா என்றீர்கள். என் வேலை போய்விடும் என்றுதானே அண்ணே?

ஊசி ஒன்றுக்கு இரண்டானால் நல்லதுதான் என்று நினைக்கிறவர்கள் நம் ஆட்கள். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த மருந்து கூடினால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் என்று வைத்தியர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். தெரிந்தே மருந்தை ஊசியில் ஏற்றி அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். டெய்சி தண்ணீராய்க் குடித்து, சோற்றைத் தொடாமல், உங்கள் மடியிலேயே செத்தது. துரை உங்களைப் பங்களாவிலிருந்து விரட்டித் தேயிலை மலை வேலைக்கு அனுப்பினார். "நான்தான் சரியாப் பாக்கல போல தம்பி" என்று என்னிடமே சொல்லி அழுதீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் சாகும்வரை அப்படியே நம்பினீர்களா?

நேற்று வந்தவரை வைத்தியர் வரும்வரை உட்காரவைத்தேன். திட்டிக்கொண்டேதான் இருந்தார். இப்போது மட்டும் என்ன ஒழுங்கு என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், எனக்கு வேண்டியதுதான்.

உங்கள் மகள் ராகலையில் இருக்கிறாள். "எங்கப்பா கவனிக்காம ஒரு நாயைச் சாகடிச்சுட்டாரு" என்று இன்றைக்கும் சொல்கிறாளாம். வருகிற ஞாயிறு பஸ் ஏறிப் போகிறேன். கொன்றது யார் என்று அவளிடம் சொல்வேன். கதவைச் சாத்தினாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

இப்படிக்கு,
நீங்கள் காட்டிக்கொடுக்காத தம்பி
செபஸ்தியான்