உன் பதிலுக்கு மூன்று நாள்

இன்று காலை என் பண்ணையில் கோழித் தீனி மூட்டையைப் பிரித்ததும் கருவாட்டுத் தூள் வாடை முகத்தில் அடித்தது. உன் போன் எப்போதும் இப்படித்தான் நாறும். அதைக் காதில் வைக்க மாட்டேன் என்று நான் அடம்பிடிப்பேன், நீ வேண்டுமென்றே என் கையில் திணிப்பாய். அந்த நேரம் பார்த்து என் போனில் ஒரு தகவல் வந்தது. நம் மென்பொருளில் பெரிய மாற்றம் செய்ய மூன்று நாளாக நடக்கும் ஓட்டெடுப்பு, இன்று மாலை ஆறு மணியோடு முடிகிறதாம். ஓட்டுரிமை உள்ள ஐந்து பேர் பட்டியலில் உன் பெயருக்கு எதிரே ‘பதில் இல்லை’ என்று இருந்தது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

புதுச்சத்திரத்தில் உன் பண்ணையில் கோழிகள் சாகத் தொடங்கிய வாரம் நினைவிருக்கிறதா? சேதி வெளியே கசிந்து, முட்டை எடுக்க ஒரு வண்டியும் வரவில்லை. அந்த ஆத்திரத்தில், கல்லூரியில் நாம் படித்த புரோகிராமிங்கைத் தூசி தட்டி எழுத உட்கார்ந்தாய். தினமும் எத்தனை கோழி செத்தது, எவ்வளவு தீனி தின்றது என்று குறித்துவைத்தால் நோய் வருவதை முன்கூட்டியே சொல்லும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். குறிப்பு மட்டும் பண்ணைக்காரர் போனை விட்டு வெளியே போகக் கூடாது. “ஏன்டி, நம்ம ஊட்டுச் சாவை நாமளே ஊருக்குத் தமுக்கடிக்கணுமா?” என்பாய்.

இன்னொரு விதியும் நீ வைத்ததுதான். “தீனி போடுற கையோட யாருடி பதில் எழுதுவா? மூணு நாள் சத்தமில்லைன்னா சரின்னு எடுத்துக்க வேண்டியதுதான்.” நானும் தலையாட்டினேன்.

இப்போது ஒரு தீவன நிறுவனம் மென்பொருளைக் கவனிக்க இரண்டு ஆட்களுக்குச் சம்பளம் தருகிறேன் என்கிறது. பதிலுக்கு எல்லாப் பண்ணைகளின் குறிப்பும் அவர்கள் கணினிக்குப் போக வேண்டும். இரண்டு பேர் சரி என்றுவிட்டார்கள், என்னோடு சேர்த்து இரண்டு பேர் வேண்டாம் என்கிறோம். ஐந்தாவது ஆள் நீ. உன் விதிப்படி உன் மௌனம் சம்மதம். எது நடக்கவே கூடாது என்று தொடங்கினாயோ, அது உன் ஓட்டால் நிறைவேறப் போகிறது.

மென்பொருளைப் பழுது பார்க்கும் வேலையில் பெரும்பகுதியைச் சுமக்கும் சேலத்து நிஜாமைப் போனில் கூப்பிட்டேன். அவன் சரி என்றவர்களில் ஒருவன்.

“அவ இல்லைன்னு உனக்குத் தெரியாதா நிஜாம்?”

“தெரியும்க்கா. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் பேரை எடுக்கட்டுமான்னு கேட்டேன். இருக்கட்டும்னு அழுது சண்டை போட்டது நீங்கதானே?”

“நான்தான்,” என்றேன்.

“நான் ஒத்தை ஆளா எத்தனை நாள்க்கா பார்க்கறது? தூங்கி நாளாச்சு.”

அவன்மேல் கோபப்பட முடியவில்லை. அவன் சொன்னதில் பொய்யில்லை.

ஐந்தரைக்குப் பட்டியலைத் திறந்தேன். பெயரை நீக்கக் காரணம் கேட்டது. இந்த எட்டு மாதமும் ‘போய்விட்டாள்’, ‘இல்லை’ என்றே ஒப்பேற்றி வந்தேன். இன்று ‘இறந்துவிட்டார்’ என்று எழுதினேன். இரண்டுக்கு இரண்டு ஆனதால், பெரும்பான்மை இல்லாமல் மாற்றம் நிறைவேறவில்லை.

“அப்போ வேலையை யாருக்கா செய்யறது?” என்று நிஜாம் உடனே கேட்டான். பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இதுவரை நீ எழுதியதைத் திருத்தவே பயந்தவள் நான். நாளை முதல் உன் வரிகளுக்குள் கை வைக்க வேண்டும்.

உன் விதியையும் மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். இனி பதில் வராவிட்டால் அந்த ஆளை நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று. உன் பெயரை எடுத்தது சரிதானா என்று மாலையிலிருந்து உன்னிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லையடி.